நாழியில் மூன்று சீட்டு

எங்கள் வீட்டில் யாரும் எதையும் முடிவு செய்ததில்லை. எருமை வாங்குவதா பசு வாங்குவதா, கூரைக்கு ஓடு போடுவதா ஓலையே போதுமா, அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியரைக் கூப்பிடுவதா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, எல்லாவற்றையும் ஆண்டவரே முடிவு செய்தார். அவர் வசதிக்காக, அரிசி அளக்கிற பித்தளை நாழி ஒன்றை அப்பா புளிபோட்டுத் தேய்த்துக் கழுவி, தனியாக மரப்பெட்டியின் மேல் வைத்திருந்தார். அன்று முதல் அம்மா சிரட்டையால் அரிசி அளந்தாள்.

அப்பா தென்காசியில் மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். ஊரில் நல்ல மனுஷர் என்று பெயர். கடன் வாங்க மாட்டார், பொய் சொல்ல மாட்டார், ஒருவரையும் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டார். ஆனால் தன் வாயால் ஒரு காரியத்துக்கு 'சரி' என்றோ 'கூடாது' என்றோ சொல்ல அவருக்கு நடுக்கம். சொன்னது தப்பாகப் போனால் பழி வந்துவிடுமே. இந்தப் பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் விசுவாசம். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. வயதானால் கோபம் வடிந்துவிடும் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். எனக்கு வடியவில்லை. வடிய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

காரியம் நடக்கிற விதம் இது. பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அடிமட்டம் வைத்துச் சம அளவாகத் துண்டு போடுவார். இரும்பு நிப்பை மையில் தோய்த்து ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை எழுதுவார். பையன்களுக்குக் காப்பி எழுதிக் காட்டிய கை அது, அழுத்தி எழுதும். தாளின் மறுபக்கத்தில் எழுத்து புடைத்து நிற்கும். மை காய்ந்ததும் நாலாக மடித்து நாழிக்குள் போட்டு, வெள்ளைத் துண்டால் மூடிக் குலுக்குவார். எல்லோரும் முழங்காலில் நிற்க வேண்டும். நீண்ட ஜெபம். அது முடிந்ததும் வீட்டின் கடைக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு ஒரு சீட்டை எடுக்கும். பாவமறியாத கை என்பதால் கடைக்குட்டி. அது நான்தான். இதற்குத் திருவுளச்சீட்டு என்று பெயர். வந்த சீட்டு ஆண்டவரின் பதில், அதற்கு அப்பீல் கிடையாது.

எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் வீட்டில் ஒரு கல்யாணம் காட்சி என்றால், சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பூக்கட்டிப் பார்ப்பது என்பார்கள். அதைப் பார்த்து அப்பா தலையில் அடித்துக்கொள்வார். "பூவுல போயி சாமி பதில் சொல்லுமாக்கும், என்ன அஞ்ஞானம்" என்பார். பூவுக்குப் பதில் தாளில் கேட்டால் அது மெய்ஞ்ஞானம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னை அடுப்பங்கரையை விட்டு விரட்டினாள்.

இந்தக் கதை நடந்தது யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பதினேழு. எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அதனால் அவள் எனக்கு அக்காவாகவும் பாதி அம்மாவாகவும் இருந்தாள். எட்டாவது பாஸ் பண்ணியிருந்தாள். பாளையங்கோட்டைக்குப் போய் வாத்திச்சி டிரெயினிங் படிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுடைய ஆசை. பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வரும் வெள்ளைக்காரத் துரைசானி, இந்தப் பெண்ணை அனுப்புங்கள், இடம் தருகிறோம் என்று அப்பாவுக்கே கடிதம் எழுதியிருந்தாள். அக்கா அந்தக் கடிதத்தை எத்தனை தடவை எடுத்துப் படித்தாள் என்றால், மடிப்பில் தாள் இற்றுப்போய் இரண்டாக வந்துவிட்டது. சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினாள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் தாயம் விளையாடுவதில் சூரி. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து புளியமுத்தைக் கல்லில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருந்தேன். தேய்த்த பக்கம் சொரசொரவென்று இருக்கும், தேய்க்காத பக்கம் வழவழவென்று இருக்கும். முத்தை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு பெருவிரலால் ஒரு தடவு தடவினால் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு தாழ உருட்டினால் பத்துக்கு ஏழு தடவை நான் கேட்டது விழும். அக்காவே என்னிடம் தோற்றுத் தோற்றுச் சலித்துப்போய், "இவ பெருவிரல்ல கண்ணு இருக்குல்லா" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா எங்களைக் கையும் களவுமாகப் பிடித்தார். சிலுவையின் அடியில் ஆண்டவரின் அங்கிக்காகச் சேவகர்கள் உருட்டி விளையாடியதும் இதுதான், இது சாத்தானின் விளையாட்டு என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சீட்டு விழுறது ஆண்டவர் சித்தம்னா, புளியமுத்து விழுறதும் அவரு சித்தந்தானப்பா" என்றேன். துடுக்குத்தனமில்லை, நிஜமாகவே சந்தேகம். அப்பா கொல்லையில் போய் ஒரு புளியம் விளாறை ஒடித்துக்கொண்டு வந்தார். என் சந்தேகத்துக்கு அவரிடம் இருந்த பதில் அதுதான்.

அந்த வருஷம் ஆடியில் சாரல் நன்றாக விழுந்தது. குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது என்று ஊரே வண்டி கட்டியது. நாங்களும் போனோம். போவதா வேண்டாமா என்று காலையிலேயே நாழியில் கேட்டாகிவிட்டது. 'போ' என்று நானே என் கையால் எடுத்துக் கொடுத்தேன். பெரிய அருவியில் கூட்டம் நெரிசலாக இருக்கும், பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வேண்டாம் என்று அப்பா வண்டியை ஐந்தருவிக்கு விடச் சொன்னார்.

ஐந்து பிரிவில் ஓரத்துப் பிரிவின் கீழே அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் நின்றோம். கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்குக் காதில் தண்ணீர் போய் அடைத்துக்கொண்டது. போதும் போதும் என்று எங்களை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, நாங்கள் எப்போது நகருவோம் என்று புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் காத்து நின்றார்கள். சுரண்டைப் பக்கத்துக்காரர்கள். அந்த மனிதர் என்னைப் பார்த்து, "போதுமா பாப்பா, நல்லாக் குளிச்சியா" என்று சிரித்துக்கொண்டே நாங்கள் நின்ற இடத்தில் போய் நின்றார். அவருடைய பெண்டாட்டி கொண்டையை அவிழ்த்துக்கொண்டு பின்னால் போனாள். நான் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தேன். பிழிந்து முடிக்கவில்லை, மேலேயிருந்து தண்ணீரோடு ஒரு கல் வந்தது. உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அவர் தலையில் விழுந்தது.

அந்தப் பெண் ஒரு அடி தள்ளி நின்றாள். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. அவள் அழக்கூட இல்லை, ஈரச்சேலையை வாயில் திணித்துக்கொண்டு அவர் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். யார் யாரோ ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். வண்டியில் ஏற்றும் முன்பே உயிர் போய்விட்டது. அந்தப் பெண்ணின் காதுக்கு எட்டுகிற தூரத்தில், அப்பா எங்கள் மூன்று பேரையும் அந்தப் பாறையிலேயே முழங்கால் போடச் சொல்லி, காப்பாற்றினதற்காக ஸ்தோத்திரம் சொன்னார். சத்தமாகச் சொன்னார். அவள் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தாள். எத்தனையோ பேருடைய முகம் எனக்கு மறந்துவிட்டது, அந்தப் பார்வை மறக்கவில்லை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, வெட்கத்தைவிட ஆத்திரமாக இருக்கிறது.

திரும்பி வருகிற வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வந்தார். அம்மாவின் காதில் தண்ணீர் போனது சும்மா இல்லையாம். அந்தத் தண்ணீரை அனுப்பினதே ஆண்டவராம். அவருக்குத் தெரியாமல் ஒரு குருவி கூடக் கீழே விழாதாம். நான் யோசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "அப்பா, நம்மள அங்கேருந்து நகட்டுனது ஆண்டவருன்னா, அந்த மாமாவ அங்கன நிறுத்துனது யாரு?"

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா என் உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தார். மறுநாள் ஞாயிறு ஆராதனையில் குருவானவர் எங்கள் கதையையே பிரசங்கமாக்கினார். உலகம் உண்டாவதற்கு முன்னாலேயே அந்தக் கல் எப்போது எங்கே விழும் என்று ஆண்டவருக்குத் தெரியும், தற்செயல் என்கிற வார்த்தையே விசுவாசியின் வாயில் வரக்கூடாது என்றார். எல்லோரும் திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சுரண்டைக்காரரைப் பற்றிக் குருவானவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று சாயங்காலம் எனக்குத் தலைவாரிவிடும்போது அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள். "கல்லுக்குக் கண்ணு கெடையாதுட்டி. மலையில தண்ணி கூடிச்சு, கல்லு உருண்டுச்சு. நாம நின்னாலும் விழுந்திருக்கும், ஒரு குரங்கு நின்னாலும் விழுந்திருக்கும். அந்த மாமா ஒரு தப்பும் பண்ணல."

அப்பாவும் குருவானவரும் சேர்ந்து சொன்ன எல்லாவற்றையும்விட அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் நம்பப் பயமாகவும் இருந்தது. கண் இல்லாத கல் என்றால் யார் தலையில் வேண்டுமானாலும் விழுமே. கண் உள்ள கல் என்றால், தப்புச் செய்யாமல் இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். ஒன்பது வயதில் எனக்கு இரண்டாவதுதான் சௌகரியமாக இருந்தது. அப்பாவின் கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

புரட்டாசியில் அக்காவுக்கு இரண்டு இடம் வந்தது. ஒன்று சுரண்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். பையன் சாது, கொஞ்சம் இருமல்காரன் என்றார்கள். இன்னொன்று செங்கோட்டை. மரவியாபாரம், மலையிலிருந்து தேக்கும் கோங்கும் இறக்கி ரயிலில் ஏற்றுகிறவர். திருவிதாங்கூரில் நல்ல செல்வாக்கு. முதல் தாரம் செத்து இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், வயது முப்பத்தைந்துக்கு மேல். இரண்டு பேருமே சபையில் சேர்ந்தவர்கள், இரண்டு பேருமே வேண்டியவர்கள் மூலமாகக் கேட்டவர்கள். ஒருவருக்கு 'இல்லை' என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. நாழியை எடுத்துத் துடைத்தார்.

அக்கா அப்பாவின் முன்னால் வந்து நின்று பேசியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்கு முன்னால் ஏதாவது வேண்டுமென்றால் அம்மா மூலமாகத்தான் சொல்லுவாள். "அப்பா, ரெண்டோட ஒரு வெறுஞ்சீட்டும் போடுங்கப்பா. வெறுஞ்சீட்டு வந்துச்சின்னா என்னை டிரெயினிங்குக்கு அனுப்புங்க. வரலன்னா நீங்க சொல்லுத எடத்துக்குப் போறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்." குரல் நடுங்கவில்லை. கை மட்டும் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தது. ஆண்டவருக்கு எந்த வழியையும் அடைக்கக்கூடாது அல்லவா, அப்பா சரி என்றார். 'படி மகளே, நான் அனுப்புகிறேன்' என்று சொல்லத்தான் அவருக்கு வாய் இல்லை. மூன்றில் ஒரு பங்கு கொடுத்தார்.

கல்லுக்குக் கண் கிடையாது என்று சொன்ன அதே அக்கா, அந்த வெள்ளிக்கிழமை முழுவதும் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் உபவாசம் இருந்தாள். சாமான் போடுகிற அரங்கு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணினாள். சாயங்காலம் எனக்குத் தலைவாரும்போது சீப்பு பாதியில் நின்றுவிட்டது. "நாளைக்கி எடுக்கப் போறது நீதான?" என்றாள். ஆமா என்றேன். "ஒன் பெருவிரலுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று ஆரம்பித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் சிவந்துபோய்விட்டது. "ஒண்ணுமில்லட்டி. நேரா உக்காரு" என்று சொல்லிவிட்டு மிச்சத்தை வாரினாள். அவள் என்ன கேட்க வந்தாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் கேட்கவில்லை என்பதும் புரிந்தது.

சனிக்கிழமை காலை. குருவானவரும் வந்திருந்தார். சீட்டுப் போடுவதற்கு முன்னால் ஒரு வேதபாடம் வாசிக்க வேண்டுமே, அப்பா எத்தனையோ நல்ல பாடம் இருக்க ஒரு பயங்கரத்தைப் பொறுக்கி எடுத்தார். கொள்ளைப்பொருளைக் கூடாரத்துக்குள் புதைத்து வைத்த ஒருவனை, கோத்திரம் கோத்திரமாக, வீடு வீடாக, ஆள் ஆளாக நிறுத்திச் சீட்டுப் போட்டுக் கண்டுபிடிக்கிற கதை. கண்டுபிடித்தபின் அவனையும் அவன் பிள்ளைகளையும் அவன் ஆடுமாடுகளையும் சேர்த்துக் கல்லெறிந்து கொன்றுவிடுவார்கள். கல் என்ற வார்த்தை வந்ததுமே எனக்கு ஐந்தருவி கண்முன்னால் வந்துவிட்டது. அந்தத் தேங்காய்க் கல்லும், ஈரச்சேலையை வாயில் திணித்த பெண்ணும். ஒருவன் திருட்டுத்தனம் செய்தால் அவன் தலையில் மட்டும் விழாது, வீட்டோடு விழும். ஆட்டையும் விடாது.

ஜெபம் முடிந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நாழிக்குள் கையை விட்டேன்.

விட்டதுமே என் பெருவிரலின் கீழே ஒரு சீட்டு வந்து உட்கார்ந்தது. நான் தேடவில்லை, அதுவாக வந்தது. தடவிப் பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை, பட்டதும் விரலுக்குத் தெரிந்துவிட்டது. புடைப்பு இல்லை. நிப்பு அழுத்திய தடம் இல்லை. வழவழவென்று வெறும் தாள். அக்காவின் சீட்டு.

எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான், கையை வெளியே இழுத்திருந்தால் போதும். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டதே. தெரிந்துகொண்டு எடுத்தால் அது திருட்டு என்று எனக்குத் தோன்றியது. மேலே ஒருவர் என் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார், எடுக்கிறாளா பார்ப்போம் என்று சோதிக்கிறார். எடுத்தால் கல் உருண்டுவிடும். என் தலையில் விழுந்தால்கூடப் பரவாயில்லை, அக்கா தலையில் விழுந்துவிட்டால் என்ன செய்வேன்? அவளுக்காகத்தானே திருடுகிறேன். சீட்டைக் கீழே விட்டேன். மூன்று தடவை நன்றாகக் கலக்கினேன். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி ஒளித்து வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு விரலால் நண்டு மாதிரி கவ்வி ஒன்றை எடுத்து அப்பா கையில் கொடுத்தேன்.

அப்பா பிரித்தார். "செங்கோட்டை" என்றார். குருவானவர் ஸ்தோத்திரம் என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அக்கா எழுந்து, விரித்திருந்த பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்துவிட்டு, ஊறப்போட்டிருந்த அரிசியை ஆட்டப் போய்விட்டாள். துரைசானியின் கடிதம் அன்றைக்கு அடுப்பில் போனது. நானோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடந்தேன். ஆண்டவர் வைத்த பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டேன் அல்லவா.

தையில் கல்யாணம். மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பேச்சில் பாதி மலையாளம். என்னைத் தூக்கி ஒரு மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்தார். அவர் விரலெல்லாம் மரப்பிசின் கறை. நல்லவர் என்று நினைத்தேன். நாலு மாதம் கழித்துப் பேச்சு வந்தது. அக்கா கொண்டுபோன புத்தகங்களை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார்களாம். வாசிக்கத் தெரிந்த பெண்டாட்டி கணக்குக் கேட்பாளாம். அப்பாவின் காதுக்கு இது வந்தபோது அவர் நாழியைப் பார்த்தார். நாமாகச் செய்ததா, ஆண்டவர் காட்டிய இடம்தானே என்றார். நாசமாய்ப் போக அந்த நாழி. கழுவித் துடைத்துப் பளபளவென்று அது மட்டும் எதற்கும் பொறுப்பில்லாமல் உட்கார்ந்திருந்தது.

பிறகு நான் வளர்ந்து டிரெயினிங் படித்தேன். முப்பது வருஷம் வாத்திச்சியாக இருந்தேன். எனக்கு அப்பா சீட்டுப் போடவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தன் கையெழுத்தால் ஒரு பெண்ணை அனுப்ப முடியும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததா, அல்லது முதலிலிருந்தே தெரியுமா? நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் உண்டு.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. கல்யாணமான அந்த வருஷம் ஆவணியில் அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். வயிறு மட்டும் பெரிதாக, மற்றபடி பாதி ஆளாகத் திரும்பி வந்தாள். இடது புஜத்தில் தீய்ந்த தழும்பு ஒன்று. அம்மா அதைப் பார்த்தாள், சேலையை இழுத்து மூடிவிட்டாள். "சுகமாம்மா?" என்று அப்பா கேட்டார். "தேவ சித்தம்பா" என்றாள் அக்கா. அப்பா திருப்தியோடு தலையாட்டினார். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று அவருக்குக் கேட்கவே இல்லை. எனக்கும் அப்போது கேட்கவில்லை.

அவள் என்னோடு பேசவில்லை. தலைவாரிவிட்டாள், சோறு போட்டாள், ஆனால் பழைய அக்கா இல்லை. புளியமுத்தை எடுத்துக்கொண்டு போனேன், வேண்டாம் என்றாள். ஒருநாள் மத்தியானம், அப்பா பள்ளிக்கூடத்தில், அம்மா கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏதாவது செய்து அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று எனக்கு இருந்தது. என்னிடம் இருந்ததிலேயே பெரிய விஷயத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"அக்கா, ஒனக்கு ஒண்ணு தெரியுமா. அன்னைக்கி நெனச்சிருந்தா நான் வெறுஞ்சீட்ட எடுத்திருக்கலாம். ஆனா எடுக்கல."

"என்னட்டி சொல்லுத?"

எல்லாவற்றையும் சொன்னேன். பெருவிரல், வழவழத் தாள், மூன்று தடவை கலக்கியது, விரலை மடக்கிக்கொண்டு எடுத்தது. ஆண்டவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும், நான் ஏமாற்றவில்லை என்பதையும் பெருமையாகச் சொன்னேன். கெட்டிக்காரி என்று சொல்லித் தலையைத் தடவுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அக்கா என்னையே பார்த்தாள். "அத நீ தேடிப் பிடிச்சியா? இல்ல, தானா வந்துதா?"

"தானா வந்துது. கைய விட்டதும் அதுதான் மொதல்ல வந்துது. நான் தேடவே இல்லக்கா. ஒன் தலையில கல்லு விழுந்திருமோன்னு பயந்து கீழ போட்டுட்டேன்."

அவள் என் வலது கையை எடுத்து மடியில் வைத்து விரித்தாள். பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள். புதிதாக ஒரு பொருளைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்திருக்குட்டி," என்றாள். "நான் கேட்டேன். எனக்கு வந்திருக்கு. நீ திருப்பிப் போட்டுட்டே."

ஆமா என்று தலையாட்டினேன். அதைத்தானே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுடைய பிடி இறுகியது. என் விரல் வலித்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், உடம்பு குலுங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்து வயிற்றின் மேல் சொட்டியது. பிள்ளைவலி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, கையை உதறிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட ஓடினேன்.